தெரியாதவர்களுக்கு மட்டும்

வியாழக்கிழமை வேனில் போக வேண்டிய பதினோரு பேரின் பட்டியலில் நாலாவதாக இருந்தது தமயந்தியின் பெயர். பட்டியல் போடுவது தமயந்தியின் வேலை. இந்தப் பட்டியலை அவள் போடவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் லீவு. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது அந்தப் பட்டியல் முன்னால் நின்றது. பக்கத்து மேசையில் ஆரோக்கியசாமி எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் இருப்பது இரண்டே மேசை. ஒன்று பட்டியல் போடாவிட்டால் இன்னொன்றுதான் போட்டிருக்க வேண்டும்.

அவள் பட்டியலை மூடிவிட்டு, குடிக்கவே தோன்றாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினாள்.

ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மின்கலத் தொழிற்சாலையில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் வேலை செய்தார்கள். அத்தனை பேருக்கும் கம்பெனியே மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தது. நல்ல காப்பீடுதான். வருஷத்துக்கு ஒரு முறை உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதனை, ஒரு பைசா கிடையாது. அந்தப் பரிசோதனையில் என்ன நோய் அகப்பட்டாலும் கடைசி வரை வைத்தியம் அவர்கள் பொறுப்பு. முன்தடுப்புக்கு முழுப் பாதுகாப்பு என்று சட்டமே இருந்தது. சட்டம் போட்டவர்கள் நல்லெண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள்.

காப்பீட்டுக்காரர்கள் அந்தச் சட்டத்தில் கை வைக்கவில்லை. முன்தடுப்பு என்றால் என்ன என்று மட்டும் கேட்டார்கள். உடம்பில் ஒன்றும் தெரியாமல் வருகிறவனைச் சோதித்தால் அது முன்தடுப்பு. ஏதோ இருக்கிறது என்று தெரிந்து வருகிறவனைச் சோதித்தால் அது சிகிச்சை. சிகிச்சை அவனவன் பாடு. அவன் நோயாளி என்ற பிரிவுக்குப் போய்விடுவான். அந்தப் பிரிவில் இருப்பவர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதில்லை.

முதலில் ஆட்கள் பொய் சொல்லிச் சமாளித்தார்கள். ஒன்றுமில்லை சார், சும்மாதான் வந்தேன் என்றார்கள். அதன்பிறகுதான் காது வந்தது. குரல் சரிபார்ப்புக் கருவி என்று அதற்கு ஆபீஸ் பெயர். பரிசோதனை அறை வாசலில் சுவரில் பதித்த சின்ன வட்டம். ஒரே ஒரு கேள்வி கேட்கும். பதிலில் இருக்கும் சொல்லை அது பொருட்படுத்துவதில்லை; அந்தச் சொல்லுக்கு அடியில் ஓடும் நடுக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மனிதனுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒன்று தெரியும் என்றால் அது அவன் குரலில் இருக்கும். அதை அடக்கக் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை.

ஆகவே தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பழக்கம் வந்தது. யாரும் யாரையும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. இளைத்துவிட்டாய் என்று சொல்வதில்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போனில் தெரியாமல் கேட்டுவிட்டால் “வேலை இருக்கு” என்று பதில் சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள். வீட்டுக் கண்ணாடிகள் முகம் தெரியும் அளவுக்கு மேல் பெரிதாக இருக்காது. சோப்புப் போடும்போது கை எந்த இடத்திலும் நிற்கக் கூடாது என்று அம்மாக்கள் வயதுக்கு வந்த பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். புருஷன் பார்த்தாலும் பொண்டாட்டியிடம் சொல்ல மாட்டான். சொன்னால் அவளுக்குத் தெரிந்துபோகும். அங்கே அன்பு என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்றாகிவிட்டிருந்தது.

ஆனால் கண்ணை மூடிக்கொள்ள முடியாத ஒருத்தி இருந்தாள். ஹபீபா. பெண்களின் சீருடைக்கு அளவெடுக்கும் தையல்காரி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருத்தியின் கழுத்திலும் மார்பிலும் கையிலும் அவள் டேப் ஓடும். போன தடவை பன்னிரண்டரை இருந்த கழுத்து இப்போது பதிமூன்றேகால் என்றால் அவளுக்குத் தெரியும். டேப்பின் அடியில் ஒரு கட்டி உருண்டால் அவள் விரலுக்குத் தெரியும். அவள் ஒன்றும் பேசாமல் அளவைச் சீட்டில் எழுதுவாள். சந்தேகம் என்றால் சீட்டின் கீழ்மூலையை ஒரு மடிப்பு மடித்து அனுப்புவாள். சீட்டுகள் ஸ்டோருக்குப் போகும் வழியில் நலப் பிரிவுக்கு வரும். அங்கே தமயந்தியோ ஆரோக்கியசாமியோ மடித்த சீட்டைத் தனியே எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பரிசோதனைத் தேதியை முன்னால் இழுப்பார்கள். ஆண்களுக்கு அளவெடுப்பவன் காண்டிராக்ட் ஆள், மாதத்துக்கு ஒருவன் மாறுவான். அதனால் ஆண்களுக்கு இந்த வழி இல்லை. ஏதாவது அகஸ்மாத்தாகக் கண்ணில் பட்டால்தான் உண்டு.

தொடக்கத்தில் ஒரு தப்பு நடந்தது. வெல்டர் பொன்னுரங்கத்தின் நடையில் ஆரோக்கியசாமி ஏதோ பார்த்து, அவன் ஒருவனை மட்டும் ஐந்து மாதம் முன்னால் அழைத்தார். பொன்னுரங்கம் முட்டாள் இல்லை. என்னை மட்டும் ஏன் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறான். மறுநாள் காதின் முன்னால் “ஒண்ணுமில்லை” என்றான். காது சிவப்பு காட்டியது. எட்டு மாதம் கழித்துச் செத்தான்.

அதற்குப் பிறகு ஒன்றுக்குப் பத்து. நிஜமான ஒருத்தியோடு சம்பந்தமில்லாத பத்துப் பேரைச் சேர்த்து இழுப்பது. பரிசோதனை நிலையத்துக்குப் போகும் வேனில் பதினோரு சீட் இருந்தது வசதியாகப் போயிற்று. ஜனங்கள் அதற்குக் குலுக்கல் என்று பெயர் வைத்தார்கள். கம்ப்யூட்டர் கன்னாபின்னாவென்று ஆளைப் பொறுக்குகிறது என்று நம்பினார்கள். நம்பியதால் பிழைத்தார்கள். பதினொன்றில் ஒன்று நிஜம் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர்: ஹபீபா, ஆரோக்கியசாமி, தமயந்தி.

இப்போது தமயந்தி பதினொன்றில் ஒருத்தி.

பதினொரு மணிக்கு அவளால் தாங்க முடியவில்லை.

“அண்ணே.”

“ம்.”

“வியாழக்கிழமை வேன்ல என் பேரு இருக்கு.”

“இருக்கட்டுமே.” ஆரோக்கியசாமி தலையைத் தூக்கவில்லை. ஐம்பத்தேழு வயது, கட்டை மீசை. குரல் கொஞ்ச நாளாகக் கம்மியிருந்தது. தமயந்தி அதைக் கவனித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கவனித்ததைக் கவனிக்காதது போல் இருந்தும் நான்கு மாதம் ஆகியிருந்தது.

“ஏன் இருக்கு?”

“ஆடிட்டுல கேட்டான். நலப் பிரிவு ஆளுங்க பேரு மட்டும் எப்பவும் குலுக்கல்ல வரதில்லையே, அது என்ன மாயம்னு. அதான் ஒண்ணைப் போட்டேன். அடுத்த மாசம் என் பேரைப் போடு.”

“போன புதன்கிழமை ஹபீபாக்கா எனக்கு அளவெடுத்தாங்க. கழுத்துல ரெண்டு தடவை டேப் வெச்சாங்கண்ணே.”

அவர் இப்போது தலையைத் தூக்கினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார்.

“அவளுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. எல்லாருக்கும் ரெண்டு தடவைதான் வெக்கிறா. இந்தா பாரு தமயந்தி. நீ இப்ப பேசுற ஒவ்வொரு வார்த்தையும் காதுக்குப் போடுற தீனி. பதினொரு வருஷமா அடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நீ. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு.”

“நான்தான் நிஜமான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“இல்லைன்னா நம்புவியா?”

இல்லை என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். காண்டீன் ருக்மணிக்கு, பேக்கிங் செக்‌ஷன் ஜெபக்கனிக்கு. சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ருக்மணிக்கு அப்போது வயிற்றில் ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் தையல் அறைப் பக்கம் போனாள். ஹபீபா மிஷினில் குனிந்திருந்தாள். தமயந்தியைப் பார்த்ததும் “வாடி, பிரியாணி இருக்கு, சாப்பிடுறியா?” என்றாள். முகத்தில் எதுவுமே இல்லை. இவ்வளவு காலம் எதையும் காட்டாமல் இருந்த முகத்தில் இன்றைக்கு மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது? தமயந்தி இரண்டு வாய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அன்று மாலை கோயமுத்தூரில் படிக்கும் மகள் போன் செய்தாள். “எப்படிம்மா இருக்க?” என்றாள், வழக்கம்போல் மறந்துபோய்.

“வேலை இருக்கு.”

“ஐயோ, சாரிம்மா. வெளியூர்ல இருந்து இருந்து எனக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போச்சு. இங்க எல்லாரும் எல்லாரையும் அதைத்தான் கேக்குறாங்க.”

“கேட்டா என்ன சொல்றாங்க?”

“நல்லா இருக்கேன்னு சொல்லுவாங்க. சில பேரு நல்லா இல்லைன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதான்.”

மறுநாள் காலை குளியலறையில் அவள் கை கழுத்தில் நின்றது. அவள் நிறுத்தவில்லை, அதுவாகத் தயங்கியது. இன்னும் ஒரு விரற்கடை மேலே போனால் தெரிந்துவிடும். இருந்தாலும் தெரியும், இல்லாவிட்டாலும் தெரியும். இல்லை என்று தெரிந்தால் எவ்வளவு நிம்மதி. ஆனால் இருந்துவிட்டால் அந்த நிமிஷத்தோடு அவள் நோயாளி. அவள் இரண்டு கையாலும் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் நிரம்பி வழிந்தது. சோப்பை வைத்துவிட்டு, மேலுக்குத் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

எப்படியும் காது கண்டுபிடித்துவிடும் என்பது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. பதினொன்றில் ஒன்று என்று தெரிவதும் தெரிவதுதானே. பாதி தெரிந்தவளை அந்தக் கருவி என்ன செய்யும் என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. பொன்னுரங்கத்துக்கும் பாதிதான் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஆரோக்கியசாமி டீ குடிக்கப் போனார். அவர் மேசை இழுப்பறையில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

தமயந்தி அதைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். மடித்த சீட்டுகளை அவர் அந்த இழுப்பறையில்தான் வைப்பார். எழுந்து கதவை ஒருக்களித்தாள். இழுப்பறையைத் திறந்தாள். போன வாரச் சீட்டுக் கட்டு ரப்பர் போட்டு இருந்தது. விரலால் ஓரங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அவள் பெயர் போட்ட சீட்டு நடுவில் வந்தது. நாலு மூலையும் நேராக இருந்தது. அதற்கு அடுத்து ஏழாவதோ எட்டாவதோ, ஒரு சீட்டின் கீழ்மூலை மடிந்திருந்தது. காஞ்சனா, பூச்சுப் பிரிவு.

வியாழக்கிழமைப் பட்டியலில் காஞ்சனா ஒன்பதாவது பெயர்.

தமயந்தி இழுப்பறையை மூடிவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்தாள். தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல் இருந்தது. அந்தச் சுகம் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. இருபத்தொன்பது வயதுப் பெண். சதா சிரித்துக்கொண்டிருக்கும். அதற்கு இருக்கிறது என்று தெரிந்து இவளுக்கு உயிர் வந்திருக்கிறது. தமயந்தி தன்னைத் தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டாள்.

ஆரோக்கியசாமி டீ குடித்துவிட்டு வந்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை வேனில் தமயந்தி ஜன்னலோரச் சீட்டைக் காஞ்சனாவுக்கு விட்டுக் கொடுத்தாள். வெயில் படுகிறதென்று திரையை இழுத்துவிட்டாள். பையில் இருந்த ஆரஞ்சை உரித்துச் சுளைசுளையாகக் கொடுத்தாள். பரிசோதனைக்கு முன்னால் பழம் சாப்பிடலாமா என்று காஞ்சனா கேட்டாள். சாப்பிடலாம் என்றாள் தமயந்தி.

“என்னக்கா இன்னிக்கு இவ்ளோ பாசம்? தம்பிக்கு எவனுக்காவது பொண்ணு பாக்குறியா? எனக்குக் கல்யாணம் ஆயி ஆறு வருஷம் ஆச்சுக்கா. வேணும்னா எம் புருஷனையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடு, சோறு மட்டும் போட்டா போதும்.”

வேனே சிரித்தது. தமயந்தியும் சிரித்தாள். காஞ்சனாவின் கழுத்தைப் பார்க்கக் கூடாது என்று வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏரிக்கரை வந்தது, போயிற்று. தெரியாமலேயே இரு, கண்ணு, இன்னும் அரை மணி நேரம் தெரியாமலேயே இரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பரிசோதனை நிலையத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். தமயந்தியின் முறை வந்தது. சுவரில் இருந்த வட்டம் ஒரு பெண் குரலில் கேட்டது.

“உங்கள் உடலில் ஏதேனும் மாற்றம் இருப்பதாக உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றாள் தமயந்தி. அவள் நினைப்பெல்லாம் பின்னால் நாலு பேர் தள்ளி நின்றவள் மேல் இருந்தது.

பச்சை.

அவள் உள்ளே போகாமல் கதவோரம் நின்று பார்த்தாள். காஞ்சனா வந்தாள். “தெரியாதுங்க, எனக்கு எங்க தெரியுது, என் போனை எங்க வெச்சேன்னே தெரியல” என்றாள். அவளுக்கும் பச்சை. தமயந்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டபடி அங்கியை மாற்றிக்கொண்டு போய்ப் படுத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பத்துப் பேரை வேனுக்குப் போகச் சொன்னார்கள். ஒருத்தியை மட்டும் இருக்கச் சொன்னார்கள். காஞ்சனா அந்த அங்கியில் ஒரு நாடாகூட ஒழுங்காக இல்லை என்று திட்டிக்கொண்டே வேனில் ஏறினாள்.

தைராய்டு. கட்டி சின்னதுதான், ஆனால் கெட்ட கட்டி. பரவுவதற்கு முன்னால் பிடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். “உங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கு. நல்ல வேளை, முன்தடுப்புல அகப்பட்டுச்சு” என்றார். அந்த நல்ல வேளை என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார். அறுவை, மருந்து, பிற்பாடு வாழ்நாள் மாத்திரை, எல்லாமே அவர்கள் பொறுப்பு.

மூன்று வாரம் கழித்து, கழுத்தில் பிளாஸ்திரியோடு தமயந்தி ஆபீசுக்கு வந்தாள். ஆரோக்கியசாமி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “வந்துட்டியா, பாதி வேலை அப்படியே கெடக்கு” என்றார். குரல் முன்னைவிட மோசமாக இருந்தது. காற்றில் பேசுவது போல் இருந்தது.

அவள் உட்காரவில்லை.

“பதினொரு வருஷத்துல ஒரு நாளாவது நீங்க அந்தச் சாவியை வெச்சுட்டுப் போயிருக்கீங்களாண்ணே?”

அவர் மீசையைத் தடவினார். “அதை மூணு வாரம் கழிச்சு இப்பத்தான் யோசிக்கிறியா? நல்ல வேளை, லேட்டா யோசிச்ச.”

“காஞ்சனா சீட்டை நீங்கதான் மடிச்சீங்க.”

“ஆமா. உன்னோடதை நீராவி இஸ்திரிப் பெட்டி வெச்சுத் தேய்க்கச் சொன்னேன். ஹபீபாதான் தேய்ச்சுக் குடுத்தா. மடிப்பு இருந்த தடமே இல்ல, பாத்தியா.” அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “இல்லைன்னு நான் சொன்னா நீ நம்பியிருக்க மாட்ட. திருட்டுத்தனமா பாத்ததைத்தான் மனுஷன் நம்புவான். சரி, உக்காரு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க செப்டம்பர்ல வேளாங்கண்ணி போனீங்கல்ல, மூணு நாள்.”

“ஆமா.”

“அப்ப உங்க குரல் லேசாத்தான் கம்மியிருந்துச்சு. நான் ஒரு பட்டியல் போட்டேன். பத்துப் பேரோட உங்க பேரையும் அடிச்சேன்.”

ஆரோக்கியசாமி பேனாவைக் கீழே வைத்தார்.

“என் பேரு வரலியே.”

“அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“நீங்கதானே இதையெல்லாம் கண்டுபிடிச்சவரு. பேரைப் பாத்ததுமே தெரிஞ்சிடும்னு நெனச்சேன். தெரிஞ்சா அவ்வளவுதானே. பொன்னுரங்கம் மாதிரி ஆயிடும்னு.” அவள் தொண்டையில் தையல் இழுத்தது. “உங்களை மாதிரி ஒரு சாவியை வெச்சுட்டுப் போகணும்னு எனக்குத் தோணல.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது.

“அப்ப எனக்கும் தொண்டைக்கட்டுன்னுதான் நெனப்பு” என்றார் அவர். பிறகு, கொஞ்சம் சீக்கிரமாகவே, “ஆனா நீ போட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன். நீ அழிச்சது சரிதான்” என்றார்.

தமயந்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று கூர்ந்து கேட்டாள். அவளிடம் அந்தக் கருவி இல்லை. இதே மனிதர் இதே முகத்தோடு மூன்று வாரத்துக்கு முன்னால் அவளிடம் பொய் சொல்லி அவள் உயிரைக் காப்பாற்றியிருந்தார். இப்போது சொல்வது உண்மையா, அல்லது இதுவும் அவளுக்காகத் தேய்த்து வைத்த இன்னொரு சீட்டா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

“இப்ப உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

“தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை பெரியாஸ்பத்திரி வரிசையில போய் நிக்கிறேன். அங்க காதெல்லாம் கெடையாது. கூட்டம்தான்.”

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குடியிருப்பில் எல்லாப் பேச்சும் அந்த இடத்தோடு முடியும்.

தமயந்தி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சாத்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, பழக்கம். இனி இவரிடம் எதைக் கேட்டாலும் ஒரு நஷ்டமும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த கேள்வி. கேட்கத் தெரியுமா என்றே சந்தேகமாக இருந்தது.

“எப்படிண்ணே இருக்கீங்க?”

ஆரோக்கியசாமி சட்டென்று நிமிர்ந்தார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல் சுற்றும் முற்றும் பார்த்தார். வேலை இருக்கு என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நல்லா இல்லம்மா” என்றார். “முழுங்க முடியல. கஞ்சிதான் எறங்குது. வீட்டுல அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்காம சாப்பிடுறோம்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “ஆடி மாசம் ஆரம்பிச்சுது. ஒரு நா காலையில பல்லு வெளக்கும்போது...”

மேசையில் ஹபீபா அனுப்பிய புதுச் சீட்டுக் கட்டு கிடந்தது. அதில் ஒரு மூலை மடிந்திருப்பது ரப்பருக்கு வெளியே தெரிந்தது. அது பத்து நிமிஷம் பொறுக்கும். தமயந்தி கட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சொல்லுங்கண்ணே” என்றாள்.